மியென் செய்த முதல் போணி

அடுப்புச் சாமி மேலுலகத்துக்குக் கிளம்பும் நாளில் மியெனின் வீட்டில் எல்லோரும் கொஞ்சம் நல்லவர்களாகிவிடுவார்கள். அம்மா சத்தம் போடமாட்டாள். அப்பா சிகரெட்டைத் தொடமாட்டார். தம்பி குவான் யாரும் சொல்லாமலே பல் தேய்ப்பான். அடுப்படியில் உட்கார்ந்து ஆண்டு முழுவதும் பார்த்ததையெல்லாம் சாமி மேலே போய்ச் சொல்லப் போகிறாரே. கடைசி நாளிலாவது நல்ல பேர் வாங்க வேண்டாமா?

சாமி ஏறிப் போகும் வாகனம் மீன். அடுப்புச் சாமிகள் மூவர் என்பதால் மூன்று சிவப்புக் கெண்டைகள் வேண்டும். பூசை முடிந்ததும் அவற்றை ஏரியில் விட வேண்டும். எல்லாம் பன்னிரண்டு மணிக்குள் முடிய வேண்டும். அதற்குப் பிறகு வானத்தின் கதவைச் சாத்திவிடுவார்கள் என்பது ஹனோய் நகரத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக, மீன் வாங்கிவர மியெனை அனுப்பினாள் அம்மா.

மியெனுக்குப் பத்து வயது. அவள் குரல் மிக மெல்லியது. வகுப்பில் அவள் 'வந்திருக்கிறேன்' என்று சொன்னால், வந்திருக்கிறாளா இல்லையா என்று ஆசிரியர் தலையைத் தூக்கிப் பார்ப்பார்.

பஞ்சு போலத் தூறல் விழுந்துகொண்டிருந்தது. சந்தைச் சந்தின் வாயில் முந்தின நாள் மாலை குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டி, குறுக்கே ஒரு பலகையைப் போட்டிருந்தார்கள். மியென் அதன்மேல் நடந்து உள்ளே போனாள்.

மற்ற நாட்களில் கீரை விற்கும் தோவா அத்தை இன்று இரண்டு பெரிய தகரத் தொட்டிகளில் மீன் வைத்திருந்தாள். தொட்டிக்குள் ஒரே சிவப்பு. மியென்தான் முதல் ஆள்.

"வா கண்ணு, நீயே போணி பண்ணு" என்றாள் அத்தை. மியென் விரலை நீட்டி நீட்டி மூன்று மீன்களைக் காட்ட, அத்தை வலையால் அள்ளி, பையில் தண்ணீரோடு போட்டு முடிந்து கொடுத்தாள்.

மியென் சட்டைப் பைக்குள் கையை விட்டாள். உள்ளே ஒரு பம்பரமும் பாதி தின்ற மிட்டாயும் இருந்தன. அவள் போட்டிருந்தது குவானுடைய குளிர்சட்டை. பணம் இருந்த சட்டை வீட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

"காசு... வீட்ல இருக்கு" என்றாள்.

அத்தை திட்டவில்லை. பையை அவிழ்த்து, மீன்களைத் தொட்டியிலேயே விட்டாள். மியென் பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தாள். அத்தை ஒரு பழைய செய்தித்தாளைக் கொளுத்தி, தொட்டிகளைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். முதலில் வந்தவர் வாங்காமல் போனால் அன்று முழுக்க வியாபாரம் படுத்துவிடும். அந்தத் தோஷத்தைத்தான் அத்தை எரிக்கிறாள்.

திட்டியிருந்தால்கூட மியெனுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் அம்மா வாயைத் திறந்தாள். பிறகு அடுப்பைப் பார்த்தாள். மெதுவாக மூடிக்கொண்டாள். குவானுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

"எங்க அக்கா கைராசிக்குக் கொளுத்தின பேப்பர் ஒண்ணுதானா? ஒரு கட்டு வேணுமே" என்றான்.

பூசைக்கான காகிதத் தொப்பிகளை ஒட்டிக் கொடுத்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு மியென் மறுபடியும் வந்தபோது மணி எட்டரை. தொட்டிகள் அப்படியே நிறைந்திருந்தன. ஒரு மீன்கூடப் போகவில்லை. சந்து முழுக்கவே ஆள் இல்லை. பக்கத்தில் டோஃபு விற்பவள், "உன் போணி எனக்கும் சேர்த்து நல்லா வேலை செய்யுது, தோவா" என்று கொட்டாவி விட்டாள்.

மியென் பணம் கொடுத்து மூன்று மீன்களை வாங்கினாள். இதையே போணியாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். முதல் போணி முதல் போணிதான், அதை மாற்ற முடியாது என்றாள் அத்தை. பிறகு மியெனின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"உன்மேல கோவம் இல்ல கண்ணு. பன்னெண்டு மணிக்கு மேல இந்தக் குட்டி மீன யாரு வாங்குவா? இது வித்தாத்தான் டெட் புத்தாண்டுக்கு எங்க வீட்டு வாசல்ல ஆரஞ்சுச் செடி. இல்லன்னா போன வருஷம் மாதிரி பிளாஸ்டிக் செடியத் துடைச்சு வைக்க வேண்டியதுதான்."

புத்தாண்டுக்குப் பிளாஸ்டிக் செடி. எல்லாம் தன்னால்தான் என்று மியென் நினைத்தாள்.

அப்போதுதான் அவளுக்கு லோக் மாமாவின் நினைவு வந்தது. அவர் நடைபாதைச் சுவரில் கண்ணாடி மாட்டி முடி வெட்டுபவர். 'லோக்' என்றால் செல்வம் என்று பொருள். அந்தப் பேருக்காகவும், எப்போதும் சிரிக்கும் முகத்துக்காகவும் புதுக்கடை திறப்பவர்கள் அவரைத்தான் முதல் போணிக்கு அழைப்பார்கள். கெட்டுப்போன போணியை அவர் வந்தால் சரிசெய்துவிட மாட்டாரா?

மியென் ஓடினாள். மாமா ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். மியென் சொன்னது காதில் விழாமல் குனிந்தார்; இன்னும் குனிந்தார்; கடைசியில் முழுவதும் கேட்டுவிட்டு, கத்தியை மடக்கினார். பாதி முகத்தில் நுரையோடு இருந்தவரிடம் இரண்டே நிமிடம் என்று சொல்லிவிட்டு, மியெனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார். சந்து பத்து கடை தூரம்தான். ஆனாலும் வண்டியில்லாமல் மாமா எங்கும் போவதில்லை.

பள்ளத்தின் முன்னால் வண்டி நின்றது.

"இந்த வயித்தத் தூக்கிக்கிட்டு அந்தப் பலகை மேல நடக்கவா? நானும் மீனோட மீனா ஏரிக்குப் போயிடுவேன். நீயே வாங்கிட்டு வா பாப்பா" என்று பணத்தை நீட்டினார்.

மியென் பலகையில் ஓடி, மூன்று மீன்களோடு திரும்பினாள். மாமா பையை வண்டியின் கைப்பிடியில் மாட்டினார். அந்த நேரம் பார்த்து இன்னொரு மோட்டார் சைக்கிள் மெதுவாக வந்து நின்றது. தலைக்கவசம் போட்ட பெண் ஒருத்தி, அந்த மீன் எங்கே கிடைக்கிறது என்று கேட்டாள். உள்ளே என்று மாமா கை காட்டினார். அவள் பள்ளத்தைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். வண்டி கிளம்பிவிட்டது.

பின்னால் வந்த இருவரும் அதையே செய்தார்கள்.

மியென் அசையாமல் நின்றாள். இந்த ஊரில் கீரையானாலும் மீனானாலும் வண்டியில் உட்கார்ந்தபடியே விலை கேட்டு, உட்கார்ந்தபடியே வாங்கிப் போவதுதான் வழக்கம். நடந்து போகப் பலகை இருக்கிறது. வண்டி போக வழி?

அவள் அத்தையிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அத்தை நம்பவில்லை. பலகை இருக்கிறதே, நான் அதில் நடந்துதானே வந்தேன் என்றாள். அதோடு, தண்ணீர்த் தொட்டியை யார் தூக்குவது?

"தொட்டி வேண்டாம் அத்தை. மீனப் பையில போட்டுக் குடுங்க."

"நீ போய் விக்கப் போறியா? கூவணுமே கண்ணு. உன் குரல் எனக்கே கேக்கலையே."

மியென் சுற்றுமுற்றும் பார்த்தாள். அத்தை கூடை தூக்கிவரும் மூங்கில் காவடி சுவரில் சாய்ந்திருந்தது.

சிறிது நேரத்தில் சந்தின் வாயில், பள்ளத்துக்கு வெளியே, அந்த மூங்கில் செங்குத்தாக நின்றது. அதில் ஆறு பைகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் மூன்று மீன்கள். சாம்பல் நிறத் தூறலில் அவை விளக்கு ஏற்றியது போலச் சிவந்து தெரிந்தன. மூங்கிலைப் பிடித்துக்கொண்டு மியென் பேசாமல் நின்றாள். கூவ வேண்டிய அவசியமே வரவில்லை.

முதலில் ஒரு வண்டி நின்றது. அப்புறம் இரண்டு. அப்புறம் சாலையே கொஞ்சம் வளைந்து போக வேண்டியதாயிற்று. மாமா மூங்கிலைப் பிடித்துக்கொண்டு பணத்தை வாங்கிப் போட்டார். மியென் பலகையில் ஓடி ஓடிப் பைகளைக் கொண்டுவந்தாள். உள்ளே பை முடிந்து முடிந்து அத்தைக்கு விரல் சிவந்துபோனது. பாதி முகத்தில் நுரை காய்ந்த மனிதர் மாமாவைத் தேடிக்கொண்டு வந்தார். சண்டை போடத்தான் வந்தார்; ஆனால் மீனைப் பார்த்ததும் வீட்டுக்கு ஒரு பை வாங்கிக்கொண்டார்.

பதினொன்றேகால் மணிக்குக் குவான் மூச்சு வாங்க ஓடிவந்தான். அம்மா பூசைக்கு எல்லாம் எடுத்துவைத்துவிட்டாள், மீனைத்தான் காணோம் என்றான்.

மியென் மூங்கிலைப் பார்த்தாள். காலையில் தான் வாங்கிய பையையும் அதில்தான் மாட்டியிருந்தாள். அதையும் யாரோ வாங்கிப் போயிருந்தார்கள்.

அக்காவும் தம்பியும் தொட்டிக்கு ஓடினார்கள். ஒரு தொட்டி காலி. இன்னொன்றில் மூன்று மீன்கள் இருந்தன. ஒன்றுக்கு வால் கிழிந்திருந்ததால் அது மெதுவாகச் சாய்ந்து சாய்ந்து நீந்தியது. வால் கிழிந்த மீனைக் கொடுக்க அத்தைக்கு மனமே இல்லை.

குவான் குனிந்து பார்த்தான்.

"இதுவே போதும் அத்தை. இதுல ஏறுற சாமி லேட்டாத்தான் போவாரு. அவரு என் கதைய ஆரம்பிக்கிறதுக்குள்ள கதவச் சாத்திடுவாங்க."

அத்தை சிரித்த சிரிப்பில் டோஃபு கடைக்காரியின் கொட்டாவி பாதியில் நின்றுபோனது.

பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மூன்று மீன்களும் ஏரியில் இறங்கின. வால் கிழிந்தது கொஞ்ச நேரம் கரையோரமே நின்றது. பிறகு அதுவும் மற்றவற்றின் பின்னால் போனது.

மறுநாள் பள்ளிக்குப் போகும் முன் கீரை வாங்க மியென் சந்துக்கு வந்தாள். வேண்டுமென்றே தாமதமாக வந்தாள். யாராவது முன்னால் போகட்டும் என்று சற்றுத் தள்ளியே நின்றாள்.

தோவா அத்தை இன்று பள்ளத்துக்கு வெளியே, பலகைக்கு அருகிலேயே கீரைக்கூடையை வைத்திருந்தாள். கூடைக்குப் பக்கத்தில், குட்டிக் குட்டிப் பழங்களோடு ஒரு ஆரஞ்சுச் செடி வீட்டுக்குப் போகக் காத்திருந்தது. ஒரு அம்மாள் வண்டியை நிறுத்திக் கீரை கேட்டாள். அவளைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள் அத்தை. அங்கே நிற்கிற பெண் வாங்கிய பிறகுதான் மற்றவர்களுக்கு என்றாள்.

"வா கண்ணு, போணி பண்ணு. ஆமா, இன்னைக்குப் போட்டிருக்கிறது யார் சட்டை?"

மியென் பைக்குள் கையை விட்டு, பணத்தை எடுத்துக் காட்டினாள்.

"என்னோடதுதான் அத்தை" என்றாள். அது எல்லோருக்கும் கேட்டது.