ஒன்பதாம் மாடி இரைகிறது

காலையில் பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறப்பவர்கள் முதலில் பார்ப்பது பாலை அல்ல, எதிர்வீட்டு எண்ணை. உப்பளம் கோபுரத்தில் இது பல் தேய்ப்பதைப் போன்ற பழக்கம். ஒவ்வொரு கதவின் நெற்றியிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகை. அதில் பச்சை ஒளியில் அந்த வீட்டின் துகள் எண். நாற்பதுக்குக் கீழே இருந்தால் நல்ல குடும்பம். ஐம்பது என்றால் மூலைமுடுக்கெல்லாம் தூசு. அறுபதைத் தொட்டுவிட்டால், உள்ளே யாரோ திருட்டுத்தனமாகக் கருவாடு வறுக்கிறார்கள் என்று அர்த்தம். என்ன கருவாடு என்பதுகூட மத்தியானத்துக்குள் முடிவாகிவிடும்.

ஒன்பதாம் மாடியின் எட்டு வீடுகளில் மிகக் குறைந்த எண் அல்போன்சாவுடையது. முப்பத்தேழு. இருக்காதா பின்னே? இந்த எண்ணை அளந்து காட்டும் கோபுரத்து மூச்சுமானிகளை எல்லாம் பழுது பார்ப்பவளே அவள்தான். "தையக்காரி ஜாக்கெட்டு கிழிஞ்சா இருக்கும்?" என்று 905-ஆம் வீட்டு வனஜா சொல்வதுண்டு. சொல்லிவிட்டுத் தன் கதவின் நாற்பதை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வதும் உண்டு.

எண்ணூர்க் கரையில் வெளிக்காற்று மனிதர்களுக்கு ஆகாது என்று ஜன்னல்களைச் சுவரோடு பூசி அடைத்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. காற்று வருவது ஒரே வழியாக: கோபுரத்தின் நடுவில் ஓடும் காற்றுத்தூண். ஒவ்வொரு மாடிக்கும் அதில் ஒரு வடிவிசிறி. வெளிக்காற்றை இழுத்து, வடிகட்டி, வீடுகளுக்குள் தள்ளும். எட்டு வீட்டு மூச்சுமானிகளின் சராசரி ஏறினால் விசிறி வேகமெடுக்கும், இறங்கினால் தூங்கும். ஆரம்பத்தில் அரசாங்கமே அளந்தது. பிறகு அளவு நிலையங்களை மூடிவிட்டு, அவரவர் மூச்சை அவரவரே அளந்துகொள்ளலாம் என்று ஒரு சட்டம் போட்டார்கள். அல்போன்சா ஒரு பழைய டிபன் டப்பாவில் குட்டி விசிறி, லேசர், ஒளிக்கண் மூன்றையும் பொருத்திக் கோபுரத்தின் முதல் மானியைச் செய்தாள். மற்றவர்கள் அதைப் பார்த்துச் செய்துகொண்டார்கள். செய்தது எல்லோரும், கெட்டுப்போனால் கூப்பிடுவது அவளை.

ஒன்பதாம் மாடி விசிறி எப்போதும் தூங்கிக்கொண்டுதான் இருந்தது. அதில் மாடிக்கு ஒரு பெருமை. எட்டாம் மாடியில் அவ்வப்போது அது உறுமும். அப்போதெல்லாம் வனஜா லிஃப்டில் மூக்கைச் சேலையால் மூடிக்கொள்வாள்.

அந்தப் பெருமைக்கு ஆனி மாதம் வேட்டு வைத்தவள் 908-க்குக் குடிவந்த ஆவுடை. தூத்துக்குடிப் பக்கம். துறைமுகத்தில் கருவிப் பிரிவில் வேலை பார்த்தவளாம்; தனி ஆள்; ஏன் தனி என்று இன்னும் தெரியவில்லை, தெரியாமலா போய்விடும். கொண்டுவந்தது இரண்டு பெட்டி, ஒரு மூச்சுமானி. அதைக் கதவில் மாட்டிய கையோடு பலகையில் எண் வந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு.

எதிர்வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி பார்த்தார். அதற்குள் தூணில் விசிறி விழித்துக்கொண்டு இரைய ஆரம்பித்துவிட்டது.

நான்காம் நாள் வனஜா அல்போன்சா வீட்டு வாசலில் நின்றாள்.

"இன்னாடி அல்போன்சா, ஏரோப்ளேன் எறங்குற மாதிரி சத்தம்! சீரியல்ல மாமியா இன்னா சொல்றான்னே கேக்கல. பதினோராம் மாடிக்காரி கேக்குறா, இன்னாக்கா உங்க ஃப்ளோர்ல பொணம் எரிக்கிறீங்களான்னு. போய் அந்த டப்பாவ சரி பண்ணு."

"பண்றேன்க்கா. அவரு தூங்குறாரு. மெதுவா பேசு."

"இன்னாசியா? பகல்லயா? அந்தாளு இருமாம தூங்கி நா பாத்ததே இல்லியே!"

அல்போன்சா திரும்பிப் பார்த்தாள். உண்மைதான். அவள் கணவன் இன்னாசி நான்கு வருஷமாகத் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தேதான் தூங்குவான். தொலைமருத்துவர் திரையில் முப்பத்தேழைப் பார்த்துவிட்டு, வீட்டுக் காற்று அருமையாக இருக்கிறது, நோய் உங்கள் கவலையில்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார். அப்படிப்பட்ட மனிதன் மூன்று நாளாகக் கட்டிலில் நீட்டிப் படுத்து, வாயைத் திறந்து, குறட்டை விடுகிறான். குறட்டையை அல்போன்சா குறை சொல்லவில்லை. நான்கு வருஷத்துக்குப் பிறகு கேட்பது சங்கீதமாக இருந்தது.

சங்கீதத்தை அப்படியே விட்டுவிட்டு, கருவிப்பெட்டியோடு 908-க்குப் போனாள்.

"வாங்கக்கா, உக்காருங்க," என்றாள் ஆவுடை. "மானிதானே? கழத்தியே வச்சிருக்கேன். கொஞ்சம் குதிக்கி, அது மட்டுந்தான்."

பழுது உண்மையிலேயே இருந்தது. முதல் நாள் 612 காட்டியது இப்போது 412 காட்டும், திடீரென்று பூஜ்யம் காட்டும், 860-க்குத் தாவும், திரும்பி 412-க்கு வந்து நிற்கும். அல்போன்சாவுக்கு உள்ளூர நிம்மதி. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தாள். மின்னழுத்தம் ஆடாமல் நின்றது. குட்டி விசிறியை ஊதிச் சுற்றிப் பார்த்தாள், தடையில்லை. பிறகு பலகையைத் திருப்பி விரல் நகத்தால் ஒவ்வோர் இணைப்பாகத் தட்டினாள். ஒளிக்கண்ணிலிருந்து வரும் கம்பியைத் தட்டியதும் எண் குதித்தது.

"ட்ரை சால்டர்மா. ஈயம் ஒட்டவே இல்ல, சும்மா ஒக்காந்துனு கீது. இதான் உன் நானூறு."

சால்டரிங் கோலைச் சூடேற்றி, பழைய ஈயத்தை உருக்கி எடுத்து, புது ஈயம் வைத்தாள். புகை அடங்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள். எண் குதிப்பது நின்றது. ஆணி அடித்ததுபோல் ஓரிடத்தில் நின்றது.

நானூற்றுப் பன்னிரண்டில்.

ஒளிக்கண்ணைப் பஞ்சால் துடைத்தாள். 412. வேறு லேசர் மாற்றினாள். 411. ஆவுடை எழுந்துபோய், காற்றை வடிகட்டும் உறை பிரிக்காத துணி ஒன்றைக் கொண்டுவந்து டப்பாவின் வாயில் சுற்றிக் கட்டினாள். எண் சரசரவென்று இறங்கி மூன்றில் நின்றது. துணியை எடுத்தாள். மறுபடி நானூற்றுக்கு ஏறியது.

"சுத்தமான காத்த குடுத்தா சுத்தம்னு சொல்லுது. இதுல என்ன பழுதுக்கா?"

எந்த மானிக்கும் கடைசி வைத்தியம் ஒன்று உண்டு. பலகையின் ஓரத்தில் ப்ரீசெட் என்று கடுகளவு திருகு. இடப்பக்கம் திருப்பினால் எண் இறங்கும், வலப்பக்கம் திருப்பினால் ஏறும். ஊரோடு ஒத்து வாழ் என்பார்களே, அது அந்தத் திருகுக்குத்தான் மிகவும் பொருந்தும். அல்போன்சா மெல்லிய ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள்.

"எதுக்கு ஒத்து வைக்கீய?"

"பக்கத்து வூட்டுக்கு. நாப்பத்திரெண்டு."

"அத எதுக்கு ஒத்து வச்சீய?"

"வனஜாக்காதுக்கு."

"அவுகளுக்கு?"

"என்னுதுக்கு."

"உங்களுக்கு?"

அல்போன்சா ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள். போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் வனஜா முப்பத்தொன்பது காட்டிப் பீற்றிக்கொண்டாள். பழுது பார்ப்பவள் வீடு கீழே போகலாமா என்று தன் திருகை அரைச்சுற்று இடப்பக்கம் வைத்தாள். முப்பத்தேழு. பொங்கலுக்கு முன்னால் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் தங்கள் எண்ணையும் இறக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"நாளைக்கு வரேம்மா," என்று எழுந்துவிட்டாள். ஸ்க்ரூடிரைவரை அங்கேயே மறந்து வைத்துவிட்டுப் போனாள். அல்போன்சா கருவியை மறந்ததாகக் கோபுரத்தில் அதுவரை பேச்சில்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தித் தன் மானியை இறக்கி, டப்பாவைத் திறந்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன், மூடப்போகும் அளவு நிலையத்தின் கடைசி எண்ணோடு ஒத்துப் பார்த்து, திருகின் சரியான இடத்தில் அவளே நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தாள். புள்ளி மங்காமல் அங்கேயே இருந்தது. திருகுதான் அங்கே இல்லை. இடப்பக்கம் கடைசிவரை போய் முட்டிக்கொண்டு நின்றது. முட்டிய பிறகும் போதாமல், எண்ணை இன்னும் இறக்கப் பக்கத்தில் மூன்று ரெசிஸ்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டப்பட்டிருந்தன. எல்லாம் அவள் கைவேலை. இப்போதெல்லாம் வருகிற திருகுகள் சரியில்லை, சீக்கிரம் முட்டிவிடுகின்றன என்று அவள் வருஷக்கணக்காகப் புலம்பியிருக்கிறாள். எந்த வீட்டிலும், ஒரு தடவைகூட, வலப்பக்கம் திருப்பியதாக ஞாபகம் இல்லை.

கதவின் நெற்றியை அண்ணாந்து பார்க்கும் மனிதர்களுக்கு எண் இறங்க வேண்டும்; அவள் இறக்கினாள். எண் இறங்க இறங்க விசிறி தூங்கியது. விசிறி தூங்கத் தூங்க இன்னாசி உட்கார்ந்துகொண்டான். யாரும் பொய் சொல்லவில்லை. எல்லோரும் ஒத்துப் போனார்கள், அவ்வளவுதான்.

ஈயத்தை உருக்கி மூன்று ரெசிஸ்டர்களையும் எடுத்தாள். கைவசம் இருந்த வேறொரு ஸ்க்ரூடிரைவரால் திருகைச் சிவப்புப் புள்ளிக்குக் கொண்டுவந்து, மானியைக் கதவில் மாட்டினாள்.

நானூற்றொன்பது. விசிறி நான்கு நாள் ஓடிக் குறைந்தே இவ்வளவு.

தூணில் விசிறி இன்னும் ஒரு படி ஏறி இரைந்தது. சுவர் லேசாக அதிர்ந்தது. உள்ளே இன்னாசி புரண்டு படுத்தான். இருமவில்லை.

மறுநாள் காலை முழு மாடியும் அவள் வாசலில். பாலை எடுக்க வந்தவர்கள் பாலோடு அப்படியே நின்றார்கள்.

"சரி பண்ணப் போனவளுக்கே ஒட்டிக்கிச்சு பாரு!" என்றாள் வனஜா. "இன்னாடி இது, நானூறு? நாத்தம் புடிச்ச கதவு மாதிரி."

"நாத்தம் இல்லக்கா, நெசம். உன்னுதும் அதாங் காட்டணும். எல்லாத்தயும் நான்தான் திருப்பி வெச்சேன். நா செஞ்ச தப்பு. ஒவ்வொரு வூடா வந்து திருப்பி வெக்கிறேன். ஃபேன் ஓடட்டும். நாலு நாளா இவரு தூங்குறாரு, பாத்தல்ல?"

ஒரு கணம் எல்லோர் கண்ணும் உள்ளே கட்டிலுக்குப் போனது. அந்த ஒரு கணத்தில் ஏதாவது நடந்திருக்கலாம். 902-காரர் தொண்டையைச் செருமினார். செருமல் இருமலாகி நீண்டது. இருமி முடித்துவிட்டு அவர்தான் சொன்னார்: "அதுக்காக எல்லாரும் கதவுல நானூறுன்னு எழுதி மாட்டிக்கணுமா? மத்த மாடிக்காரன் காறித் துப்புவான்."

"அப்ப இத்தினி வருசம் எங்க டப்பாவ நீதான் கெடுத்து வெச்சியா?" என்று இன்னொரு குரல்.

"என் வூட்டு பக்கம் வராத நீ," என்றாள் வனஜா. "நாப்பது நாப்பதாவே இருக்கட்டும்."

கூட்டம் கலைந்தது. கடைசியாக நின்றவள் ஆவுடை. கையில் தன் டிபன் டப்பா மானியும், அல்போன்சா மறந்து வைத்துவிட்டு வந்த ஸ்க்ரூடிரைவரும்.

"அக்கா, இத இறக்கித் தந்துருங்க."

"நீயே இப்பிடி சொன்னா எப்டிம்மா? உனுக்கு தெரியுமே!"

"தெரியும்க்கா. நாலு நாளா லிஃப்டுல ஏறுனா எல்லாரும் எறங்கிருதாவ. தண்ணிக்கு நின்னா வரிசையே விலகுது. தூத்துக்குடியிலயும் இதே கததான். அங்க மூணு வீடு மாறியாச்சு. இனி மாற தெம்பில்ல." தனி ஆள் ஏன் தனி என்பதற்கு மாடி ஆயிரம் காரணம் வைத்திருந்தது. இதை மட்டும் யாரும் நினைக்கவில்லை.

அல்போன்சா டப்பாவை வாங்கவில்லை. "நா இன்னாத்துக்கு எறக்குறேன்? ரெண்டு வூடாவது நெசத்த சொல்லட்டும்."

"குடு இங்க," என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

இன்னாசி எழுந்து வந்திருந்தான். நான்கு நாள் தூக்கத்தில் முகம் தெளிந்திருந்தது. பத்து வயது குறைந்த மாதிரி. ஆவுடை கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை வாங்கிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுத் தன் கதவு மானியை நோக்கி ஏறினான்.

"இன்னாங்க செய்றீங்க? எறங்குங்க!"

"ஞாயித்துக்கெயம யாரு வராங்க, மறந்துட்டியா?"

அவள் மறக்கவில்லை. அவர்கள் மகள் ஷெரினைப் பெண் பார்க்க ராயபுரம் கோபுரத்திலிருந்து வருகிறார்கள். மாப்பிள்ளை வீட்டு எண் முப்பத்தைந்து.

"பொண்ணு பாக்க வர்றவன் மொதல்ல பாக்கறது பொண்ணு மூஞ்சிய இல்ல அல்போன்சா. கதவு நெத்திய. நானூறப் பாத்தான்னா அப்பிடியே லிஃப்டுக்குத் திரும்பிடுவான்."

"உங்க மூச்சு முக்கியமா, அவன் பாக்குறது முக்கியமா?"

"இருமல் எனுக்கு பழகிப்போச்சும்மா. இந்த எண்ணு பழகாது. நீயே எறக்கு. இல்ல, நா எறக்குறேன், எதயாவது ஒடைச்சு வெப்பேன்."

திருகு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது ஒன்பது வருஷம் அவள் வேலையை வேடிக்கை பார்த்தவனுக்குத் தெரிந்திருந்தது. இடப்பக்கம். எண் முன்னூறானது, இருநூறானது, எழுபதுக்கு வந்தது. திருகு முட்டிக்கொண்டு நின்றது.

"அதுக்கு மேல போவலியே," என்றான்.

அல்போன்சா மேஜையில் கிடந்த மூன்று ரெசிஸ்டர்களைப் பார்த்தாள். நாற்காலியில் நிற்கும் மனிதனைப் பார்த்தாள். அவன் இறங்குகிறவனாக இல்லை. அவள் போய்ச் சால்டரிங் கோலைச் சூடேற்றினாள். முதலில் தன்னுடையது. பிறகு ஆவுடையினுடையது, அதற்கு நான்கு ரெசிஸ்டர் தேவைப்பட்டது. ஆவுடை சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

தூணில் விசிறி ஒரு படி இறங்கியது. சற்று நேரத்தில் இன்னொரு படி. பிறகு முனகி, தூங்கிப்போனது.

"அப்பாடா!" 905-இலிருந்து வனஜாவின் குரல் நடைகூடம் முழுக்கக் கேட்டது. "இப்பதான் காதே கேக்குது!"

கேட்டது. நான்கு நாள் இரைச்சலில் மறைந்துபோயிருந்தது எல்லாம் கேட்டது. 902-இல் ஓர் இருமல். 906-இல் இரண்டு, ஒன்று சின்னக் குழந்தையுடையது. 903-இல் தொடர்ச்சியாக. கடைசியில் அவள் முதுகுக்குப் பின்னால், கட்டிலில் தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொள்ளும் சத்தம்; அதைத் தொடர்ந்து அவளுக்கு மிகவும் பழகியது.

வாசலில் வனஜா தலையை நீட்டினாள். கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. இவ்வளவு நாள் பழக்கம், விட்டுப்போகுமா?

"உன்னுது எவ்ளோடி இப்ப?"

"முப்பத்தஞ்சு."

வனஜா இருமினாள். இருமி முடித்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, தன் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"வரமாட்டேன்னு சொல்லாத. சாயங்காலமா ஒரு நட வந்துட்டு போ. என்னுது நாப்பத்தொண்ணு காட்டுது."

அல்போன்சா டப்பாவைத் திறந்து, மீதி எத்தனை ரெசிஸ்டர் இருக்கிறது என்று பார்த்தாள். நிறைய இருந்தது.