ஜெமிமாவுக்காக ஜெபித்தது யார்?

கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்குக்குப் பின்னால் ஒரு சின்னத் தமிழ்ச் சபை இருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பக்கத்து அறையில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கும். மொத்தம் பதினொரு பிள்ளைகள். அன்று நோபிள் அண்ணன் ஒரு பிஸ்கட் டப்பாவில் பதினொரு சீட்டுகள் போட்டுக் கொண்டுவந்தார்.

நோபிள் அண்ணன்தான் சபையின் வாலிபர் ஊழியர். பெரிய அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வெள்ளிக்கிழமைக் கூட்டம் நடத்துவார். ஞாயிறு வகுப்பும் அவர் பொறுப்பில்தான்.

“ஆளுக்கு ஒரு சீட்டு எடுங்க. யார் பேர் வருதோ அவங்களுக்காக ஒரு வாரம் ஜெபிக்கணும். யார்னு வெளிய சொல்லக்கூடாது. அடுத்த ஞாயிறு எழுந்து நின்னு சொல்லணும். புரிஞ்சுதா?”

“சீட்டைத் தின்னுடலாமா அண்ணா? அப்பத்தான் ரகசியம்,” என்றான் ஜெரின்.

“பாக்கெட்ல வெச்சாப் போதும்டா.”

கடைசியாக எடுத்தவள் ஜெமிமா. பிரித்துப் பார்த்தாள். உள்ளே “ஜெமிமா” என்று எழுதியிருந்தது. மற்றவர்கள் எல்லாரும் தங்கள் சீட்டுகளை ஏற்கெனவே ஒளித்துவைத்துவிட்டார்கள். வகுப்பு கலையும்வரை காத்திருந்து, அண்ணனிடம் போய்க் காதோடு சொன்னாள்.

நோபிள் அண்ணன் தலையைச் சொறிந்தார். பிறகு நோட்டிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து “நோபிள்” என்று எழுதி அவளிடம் கொடுத்தார்.

“நீ எனக்காக ஜெபி. உன் சீட்டை என்கிட்ட குடு, நான் உனக்காக ஜெபிக்கிறேன். சரியாப் போச்சா?”

“எனக்கு வெள்ளிக்கிழமை ஸ்கூல் அசெம்பிளியில தனியாக் கவிதை சொல்லணும் அண்ணா. நினைச்சாலே பயமா இருக்கு. அதுக்கு ஜெபிங்க. உங்களுக்கு என்ன வேணும்?”

“எனக்கா? எனக்கென்ன! ஒண்ணும் வேண்டாம் ஜெமி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

ஜெமிமாவின் குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது. ஒன்றுமே வேண்டாதவருக்காக ஒரு வாரம் முழுக்க என்னவென்று ஜெபிப்பது?

திங்கட்கிழமை சமையலறையில் அம்மாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டாள். “அம்மா, ஒரு பேச்சுக்குக் கேக்கிறேன். நோபிள் அண்ணனுக்கு என்ன வேணும்?”

“ஒரு கல்யாணம் வேணும் மக்ளே. இருபத்தாறு வயசாச்சு. கடையில வாங்கித் தின்னே மெலிஞ்சு போச்சு அந்தப் பிள்ளை.”

சரி என்று அன்று மாலை ஒரு கல்யாணத்தைக் கேட்டு ஜெபித்தாள்.

செவ்வாய்க்கிழமை சபையைப் பெருக்கித் துடைக்கும் வாஞ்சிநாதன் மாமாவை வழியில் பார்த்தாள். “அவருக்கு வேண்டியதா? கூட்டம் முடிஞ்சு போகும்போது சன்னலைச் சாத்துற புத்தி வேணும்! நேத்து ஒரு ஆடு உள்ளே எட்டிப் பார்த்துட்டு நிக்குது.”

அன்று சன்னலுக்காக ஜெபித்தாள். நேற்று கல்யாணம், இன்று சன்னல். கேட்டுக்கொண்டிருக்கும் கடவுளுக்கே குழப்பமாக இருக்குமே என்று அவளுக்குப் பட்டது.

புதன்கிழமை பள்ளிக்கூடத்தில் தோழி ரஃபீனாவிடம் பெயரைச் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னாள்.

“எடீ, ஊர் முழுக்கக் கேட்டுட்டு நடக்கிறியே, அந்த ஆளைக் கேட்டியா?” என்றாள் ரஃபீனா.

“கேட்டேன். ஒண்ணும் வேண்டாமாம்.”

“எங்க வாப்பாவும் அப்படித்தான் சொல்லும். நூத்திரண்டு காய்ச்சல்ல படுத்துட்டுச் சொல்லும்.”

வெள்ளிக்கிழமை வந்தது. அசெம்பிளியில் ஜெமிமா மைக் முன்னால் நின்றாள். மூன்று வரி நன்றாகத்தான் போயிற்று. நான்காவது வரி வரவில்லை. முந்நூறு பேர் அவளையே பார்த்தார்கள். எங்கோ ஒருவன் இருமினான். டீச்சர் மெல்ல எடுத்துக்கொடுத்த பிறகுதான் மீதி வந்தது.

அவளுக்கு அழுகையைவிடக் கேள்விதான் முந்திக்கொண்டு வந்தது. நோபிள் அண்ணன் ஜெபித்தும் எப்படி நின்றுபோனது? பெரிய ஊழியர் ஜெபம் ஆயிற்றே!

சனிக்கிழமை காலை நேராகச் சபைக்குப் போனாள். நோபிள் அண்ணன் காலியான பெஞ்சு ஒன்றில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

“அண்ணா, நாலாவது வரியில நின்னுட்டேன். நீங்க ஜெபிச்சீங்கதானே?”

அவர் சட்டைப் பையிலிருந்து அவளுடைய சீட்டை எடுத்துப் பார்த்தார்.

“இல்ல ஜெமி. ஜெபிக்கல.”

“மறந்துட்டீங்களா?”

“மறக்கல. தினமும் உட்கார்ந்தேன். ஒரு வார்த்தைகூட வரல.”

ஜெமிமாவுக்குக் கோபம் வந்தது. “எங்களுக்கெல்லாம் நீங்கதானே அண்ணா சொல்லிக்கொடுத்தீங்க! உங்களுக்கே வரலைன்னா எப்படி?”

“அதுதான் எனக்கும் தெரியல. முன்னெல்லாம் பேசினா யாரோ பக்கத்துல இருந்து கேட்கிற மாதிரி இருக்கும். இப்பச் சுவரோட பேசுற மாதிரி இருக்கு. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு இருபது பேர் வந்துட்டிருந்தாங்க. நேத்து நாலு பேர். என்ன தப்புப் பண்ணினேன்னும் புரியல.”

வெளியே ஒரு சுமைவண்டி கடகடவென்று போயிற்று. அண்ணன் சீட்டை மறுபடி மடித்தார்.

“நான் செய்யாததை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாதுல்ல?” என்றார் அவர். “நாளைக்கு வகுப்பு முடியும்போது எல்லார்கிட்டயும் சொல்லிட்டு எங்க ஊருக்கே, நாகர்கோயிலுக்கே திரும்பிடலாம்னு இருக்கேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத.”

கோபம் போன இடம் தெரியவில்லை. “போகாதீங்க” என்று சொல்லவேண்டும்போல இருந்தது. அதைச் சொன்னால் போதுமா என்றும் தெரியவில்லை. “அப்ப உங்களுக்கு நான் என்னன்னு ஜெபிக்கட்டும்?” என்று மட்டும் கேட்டாள்.

“தெரியல ஜெமி. நிஜமாவே தெரியல.”

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்குத் தலைக்குள் ஒரே சிக்கல். ஜெபம் சொல்லித் தருகிறவருக்கே ஜெபம் வராமல் போகுமா? அது காய்ச்சல் மாதிரியா? தானாகச் சரியாகுமா? அம்மாவிடம் கேட்கலாம் என்றால் சொல்லக்கூடாது என்கிறார்.

அன்று மாலை விளக்கு வைத்ததும் ஜெமிமா ஜெபிக்க உட்கார்ந்தாள். வழக்கமாக இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடுகிறவள் எழவே இல்லை.

“சாயா ஆறுது மக்ளே!” என்று அம்மா இரண்டு தடவை கூப்பிட்டாள்.

ஞாயிறு வந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள்.

“அபிஷாவுக்கு ஜலதோஷம் போகணும்னு ஜெபிச்சேன். போயிடுச்சு. இப்ப எனக்கு வந்திருக்கு,” என்று மூக்கை உறிஞ்சினான் ஜெரின்.

ஜெமிமாவின் முறை வந்தது. “எனக்கு நோபிள் அண்ணன். திங்கட்கிழமை அவருக்குக் கல்யாணம் ஆகணும்னு கேட்டேன்.” வகுப்பே சிரித்தது. “செவ்வாய்க்கிழமை அவர் சன்னலைச் சாத்தணும்னு. அப்புறம் என்ன கேக்கிறதுன்னு எனக்கே தெரியல. தெரியலன்னே சொல்லிட்டேன்.”

எல்லாரும் சொல்லி முடித்த பிறகு ஜெரின் விரல்களை மடக்கிப் பார்த்தான். “அண்ணா, ஜெமிமாவுக்காக ஜெபிச்சேன்னு யாருமே சொல்லலையே! அவ சீட்டு யார்கிட்ட?”

நோபிள் அண்ணன் எழுந்து நின்றார்.

“என்கிட்ட. நான்தான் ஜெபிக்கிறேன்னு சொன்னேன். ஆனா ஜெபிக்கல. ஒரு நாள்கூட.”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர்கள் இப்படிச் சொல்லி அவர்கள் கேட்டதே இல்லை. அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். அடுத்த வார்த்தை என்னவென்று ஜெமிமாவுக்குத் தெரியும். அது நாகர்கோயில்.

அவள் படக்கென்று எழுந்தாள்.

“பரவாயில்லண்ணா! எனக்காகவும் நானே ஜெபிச்சுட்டேன். உங்களுக்கு வரலைன்னு சொன்னீங்கள்ல, அதனால உங்க பங்கையும் சேர்த்து நான் பண்ணிட்டேன். உங்களுக்குச் சரியாகிறவரைக்கும் நானே பண்றேன். எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல.”

நோபிள் அண்ணன் திறந்த வாயை மூடவில்லை.

“ஒருத்தர் பங்கை இன்னொருத்தர் பண்ணலாமா?” ஜெரினுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “அப்படிப் பண்ணினா செல்லுமா அண்ணா?”

நோபிள் அண்ணன் ஜெமிமாவைப் பார்த்தார். ஜெரினைப் பார்த்தார். திடீரென்று சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“தெரியலடா. பாஸ்டர் ஐயாகிட்ட நல்லாக் கேட்டு அடுத்த ஞாயிறு சொல்றேன்.”

வெளியே அபிஷாவின் அம்மா பன் தட்டோடு வந்துவிட்டார். பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு ஓடினார்கள். ஜெமிமா மட்டும் நகரவில்லை. “அடுத்த ஞாயிறு” என்று அண்ணன் சொன்னால் நாகர்கோயில் இல்லை என்று அர்த்தம்; அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.