வெட்டுப்பட்ட வாத்து

"என் பொண்ணோட பெட்டியைக் கத்தியால வெட்டிட்டாங்க, அய்யா. நாளைக்குக் காலைல அடக்கம்!"

தீபை நகர மலையடியில், பார்வோன்களின் கல்லறைகளுக்கு ஓவியம் தீட்டுகிறவர்கள் குடியிருக்கும் தெருவில் வழக்கு விசாரிப்பவர் பாஷெது. அவர் வாசலில் வந்து கதறியவன் ஓவியன் கென்னா. பாம்பு கடித்து இறந்துபோன மகள் மேரித்துக்குச் சவப்பெட்டி செய்து, மறுமையில் அவளைக் காக்கும் மந்திரங்களையும் தன் கையாலேயே எழுதியிருந்தான். மந்திரம் சிதைந்தால் குழந்தை அங்கேயும் ஒருமுறை சாக வேண்டியதுதான்.

"என் ரெண்டாம் பொண்டாட்டி தகாத்துவோட வேலைதான் இது. மூத்த தாரத்துப் பிள்ளைன்னு செத்த பிறகும் வன்மம். பொழுது சாயறதுக்குள்ள அவ வீட்டைவிட்டுப் போயிடணும்."

காவலன் தேபி பாதி கேட்டதுமே ஓடிப்போய், கென்னாவின் அடுப்படியிலிருந்து ஒரு கத்தியோடு திரும்பினான். நுனியில் பெட்டிக்குப் பூசிய மஞ்சள் சாயம். "ஆள் சிக்கியாச்சு, அண்ணே!"

"கத்தி சிக்கியிருக்கு. அவ மனசு சிக்கலையே," என்று பாஷெது நிதானமாக எழுந்தார்.

கென்னாவின் பட்டறையில் தகாத்து ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். பாஷெது பெட்டியைச் சுற்றி வந்து, மந்திரங்களின் படமெழுத்துகளைப் பார்த்தார். ஆந்தை, பருந்து எல்லாம் முழுசாக இருந்தன. பாம்புகளுக்கும் வாத்துகளுக்கும் மட்டும் கழுத்து வெட்டப்பட்டிருந்தது.

"தேபி, செத்தவங்களை அடியோட ஒழிக்கணும்னா நீ எதை அழிப்பே?"

"பேரைத்தான். பேர் போனா ஆளே போச்சு. இது யாருக்குத் தெரியாது?"

"மேரித் பேர்ல ஒரு கீறல்கூட இல்லை, பாரு. வடக்கே பழைய கல்லறைகள்ல இப்படிப் பார்த்திருக்கேன். எழுத்துல இருக்கற பாம்பு உயிர் வந்து கடிச்சிடும்னு கழுத்தை வெட்டி வைப்பாங்க; மந்திரம் கெடாது, பாம்பு மட்டும் செத்துடும். தகாத்து எந்த ஊரு?"

"வடக்குதான்." கென்னாவின் குரல் இறங்கியது. "ஆனா வாத்து என்ன செய்யும்? அதை ஏன் கெடுத்தா?"

"உன் பொண்ணுக்கு வாத்துன்னா பயமா, கென்னா?"

கென்னா தகாத்துவைத் திரும்பிப் பார்த்தான். மலைமேல் கல்லறை வேலையில் தங்கி, விடுமுறைக்கு மட்டும் வீட்டுக்கு இறங்கி வருகிறவனுக்கு அது எப்படித் தெரியும்?

"பயப்படுவா." தகாத்து முதல்முறையாக வாய் திறந்தாள். "ஒருநாள் முழங்கால்ல கொத்திடுச்சு. அப்புறம் எங்கே வாத்தைப் பார்த்தாலும் ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்குவா. அங்க அவ யாரைப் போய்க் கட்டிக்குவா?"

தேபி கத்தியைப் பின்னால் மறைத்துக்கொண்டான். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா?"

"சுள்ளி பொறுக்க அவளை அனுப்பினதே நான்தான். அங்கதானே பாம்பு கடிச்சுது. நான் வாயைத் திறந்தா இவர் அதைத்தானே கேப்பாரு."

கென்னா அதைத்தான் கேட்டிருப்பான், அது அவனுக்கே தெரியும். பெட்டியில் அவன் வரைந்த பாம்புகளைப் பார்த்தான். உயிரோடு இருப்பதுபோல இருக்கின்றன என்று தெருவே மெச்சியபோது அவனுக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அந்த உயிர்ப்பே பயமாக இருந்தது. சுவரோரம் சாய்த்திருந்த மூடியைப் போய் மெல்லத் திருப்பினான்.

"உள்பக்கமும் எழுதியிருக்கேன், தகாத்து," என்றான். "தேபிகிட்ட இருந்து கத்தியை வாங்கிட்டு வா."