பெண்கள் பகுதி

அன்று கிப்லி என்ற பாலைவனக் காற்று ஸ்லீதன் நகரத்தையே செந்தூசியில் புதைத்திருந்தது. பட்டப்பகலில் கார் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் என் தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். தம்பி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அவன் ஒரே மகள் நஜ்வாவும் கடற்கரைச் சாலையில் கார் கவிழ்ந்து இறந்துவிட்டாள். துக்கம் கேட்க வந்தவர்கள் கலைந்து, வீட்டில் தம்பியின் மனைவி பத்ஹியா மட்டும் இருந்தாள். அந்த வீட்டின் மானத்துக்கு இனி நான்தான் காவல்.

"வாங்க ஹாஜி. பாதிப் பாலைவனத்தைத் தோள்ல தூக்கிட்டு வந்திருக்கீங்க. வாசல்லயே உதறிட்டு வாங்க."

ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணி செருகியிருந்தாள். கூடத்தில் அரையிருட்டு. தொலைக்காட்சிக்குக் கீழே தம்பி வாங்கிவைத்த மீடியா பிளேயர், சின்ன நீல விளக்கோடு முனகிக்கொண்டிருந்தது. அதன் ஹார்ட் டிஸ்க்கில் நோன்பு மாதத் தொடர்கள், ஹஜ் பயணம், நஜ்வாவுடையது உட்படக் குடும்பத்துக் கல்யாணங்கள் எல்லாம் ஏற்றியிருந்தான். கல்யாணங்களை மட்டும் ஆண்கள் பகுதி, பெண்கள் பகுதி என்று பிரித்து வைத்திருந்தான். பெண்கள் பகுதியில் இருப்பது பெண்களே எடுத்த படம். முக்காடில்லாமல் ஆடிப் பாடுவார்கள். எங்கள் வீட்டு ஆண் எவனும் அதைத் திறந்ததில்லை.

"நாளைக்கு என் தங்கச்சிங்க வர்றாங்க. நஜ்வா கல்யாணத்தைப் போட்டுப் பாக்கப்போறோம்" என்றாள் பத்ஹியா.

"மண்ணுக்குள்ள போனவ தலைவிரிச்சு ஆடுறதை டிவியில பாக்கணுமா? பாக்குற ஒவ்வொரு கண்ணும் அவளுக்குத்தான் பாரம். அழிச்சிடணும், பத்ஹியா."

"பொம்பளைங்க மட்டும்தான் பாக்கப்போறோம். விட்டா கபுருக்குழிக்கும் பூட்டுப் போடுவீங்க போலிருக்கே!" சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "அவ குரல் வேற எங்கயும் இல்ல, ஹாஜி. போனும் அவளோடயே நொறுங்கிப்போச்சு. எனக்குன்னு மிஞ்சினது இது ஒண்ணுதான். தொட மாட்டேன்னு சொல்லுங்க."

"தொட மாட்டேன்" என்றேன்.

அவள் தேநீர் போட உள்ளே போனாள். நுரை திரள ஆற்றி ஆற்றி ஊற்றும் எங்கள் தேநீருக்கு நேரம் பிடிக்கும். நான் யோசித்தேன். நாளை வருகிறவர்களில் ஒருத்தி கைபேசியில் பிடிப்பாள். அது இன்னொருத்திக்குப் போகும், அங்கிருந்து அவள் புருஷனுக்குப் போகும். சந்தைக் கடையில் எவனோ என் தம்பி மகளின் கூந்தலைப் பார்ப்பான்.

ரிமோட்டை எடுத்தேன்.

பட்டியலில் பெண்கள் பகுதிக்கு இறங்கினேன். நஜ்வாவின் பெயர் மேல் வெளிச்சம் நின்றதும் திரையின் மூலையில் ஒரு சிறு சதுரம் தானாகவே ஓடத் தொடங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மெல்லிய மத்தளமும் குலவையும் கேட்டன.

'அழிக்கவா?' என்றது பெட்டி.

ஆம் என்று அழுத்தினேன்.

'கோப்புகள் இல்லை' என்று வந்தது. பட்டியல் வெறுமையாக இருந்தது.

மூலையிலிருந்த சதுரம் மட்டும் அணையவில்லை.

மத்தளம் ஓங்கியது. எங்கள் மணப்பெண்கள் கழுத்தில் போடும் கிராம்பு மாலையின் மணம், புழுதி நாற்றத்தைக் கிழித்துக்கொண்டு கூடத்தில் பரவியது. ரிமோட்டில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் அழுத்தினேன்.

மின்சாரம் போனது.

விசிறி நின்றது. நீல விளக்கு அணைந்தது. திரை கறுத்தது.

மத்தளம் நிற்கவில்லை.

பத்ஹியா தேநீர்த் தட்டோடு உள்வாசற்படியில் நின்றிருந்தாள். அவள் கண்கள் கறுத்த திரையில் பதிந்திருந்தன. முகம் மலர்ந்திருந்தது.

"நீங்களே போட்டுட்டீங்களா, ஹாஜி? கல்லு மனசுன்னு நினைச்சிட்டேனே உங்கள... அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுசு கொடுக்கட்டும்." மெத்தையில் உட்கார்ந்தாள். "பாருங்க, எப்படிச் சிரிக்கிறா!"

அழித்துவிட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். எதிரிகள் முன்னால்கூடத் தாழாத என் தலை, அந்த வாழ்த்தைக் கேட்டுத் தாழ்ந்தது.

தலையை நிமிர்த்தியபோது திரையின் கறுத்த கண்ணாடியில் கூடம் தெரிந்தது. கதவோரம் நான். மெத்தையில் பத்ஹியா.

அவள் தோளில் சாய்ந்து இன்னொருத்தி.

கூந்தல் அவிழ்ந்து மடியில் கிடந்தது. சிரிப்பில் தோள்கள் குலுங்கின. மெத்தையைத் திரும்பிப் பார்த்தேன். பத்ஹியா மட்டும்தான் இருந்தாள். மறுபடி கண்ணாடியைப் பார்த்தேன். சாய்ந்திருந்தவள் சிரிப்பை நிறுத்தியிருந்தாள். என்னையே பார்த்தாள்.

பிறகு பத்ஹியாவின் வெள்ளைப் போர்வையை இழுத்துத் தன் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டாள்.

மெத்தையில் பத்ஹியாவின் தோளிலிருந்து போர்வை சரிந்தது. அவள் கை தேநீர்க் குவளையில்தான் இருந்தது.

தகப்பனின் அண்ணன் முன்னால் எங்கள் பெண்கள் தலையை மூடுவதில்லை. அவன் தகப்பனுக்குச் சமம். அந்நிய ஆணைக் கண்டால்தான் முகத்தை மறைப்பார்கள்.

தேநீரைத் தொடாமல் வெளியேறினேன்.

மறுநாள் பத்ஹியாவின் தங்கைகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். எதைப் பார்த்தார்கள் என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றே அந்த வீட்டுக்குப் போனேன். காற்று அடங்கி வெயில் பளீரென்று இருந்தது. கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே தாயும் மகளும் பேசுவதுபோல ஏதோ கேட்டது. சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல ஒரு காலை உள்ளே வைத்தேன்.

பேச்சு நின்றது. துணி சரசரத்தது. கதவுக்குப் பின்னால், மிக அருகில், ஓர் இளம் குரல் கிசுகிசுத்தது.

"உம்மா, யாரோ ஆம்பளை வந்திருக்காங்க."