உள்மூடி

முதலியார்பேட்டையில் வெரோனிகாவின் வீட்டு வாசலில் நகைக்கடைச் சக்கரபாணி ஸ்கூட்டரை நிறுத்தியபோது வெயில் இன்னும் தாழவில்லை. உரைகல்லும் அமிலப் புட்டியும் பையில் இருந்தன. போன மாதம் இதே வீட்டில் ஒரு பழைய கடிகாரத்தின் கூட்டை உரசிப் பார்த்துப் பித்தளை என்று சொல்லிவிட்டுப் போனவர் அவர். அதையே இன்னொரு தரம் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டிருந்தாள்.

அவளுடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த பாக்கெட் கடிகாரம் அது. ரிப்பேருக்கு எடுத்துப் போன தம்பி ரெக்ஸ் தங்கக் கூட்டை மாற்றிவிட்டான் என்று வெரோனிகாவுக்குச் சந்தேகம். சக்கரபாணி சொன்ன ஒரே வார்த்தையில் அவன் திருடனாகிப் போனான். அன்றைக்கே வீட்டைவிட்டுத் துரத்தினாள். மறுநாள் கடல் அவனைக் கரையில் கொண்டுவந்து போட்டது.

"பீரோவுக்குள்ள யாரோ அந்தக் கடிகாரத்த தொறந்து தொறந்து மூடுறாங்க சார்," என்றாள் குரல் எழும்பாமல்.

ஜன்னல்கள் அடைத்திருந்தன. ரெக்ஸின் படத்துக்கு முன்னால் எரிந்த மெழுகுவர்த்தியின் புகையையும் மீறி உப்புத் தண்ணீர் வாடை அடித்தது. கடிகாரம் கையில் சில்லென்று இருந்தது.

போன தடவை, மேலே கீறல் விழுந்தால் சண்டைக்கு வருவார்களே என்று உள்மூடியை மட்டும்தான் உரசியிருந்தார். அசல் தங்கக் கடிகாரத்திலும் உள்மூடி பித்தளையாக இருப்பதுண்டு. தெரிந்தும் அவசரத்தில் கோட்டை விட்டிருந்தார்.

இப்போது மேல்மூடியின் விளிம்பை உரசினார். கல்லில் விழுந்த மஞ்சள் கோட்டின்மேல் அமிலத்தைத் தொட்டு வைத்தார்.

கோடு அழியவில்லை.

தங்கம்.

ஒரு பிள்ளையைக் கொன்றுவிட்டோமே என்று நினைத்துக்கொண்டே கல்லிலிருந்த கோட்டைத் துடைத்தார். வெரோனிகா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பித்தளதானே சார்? நான் தப்பு பண்ணலதானே?"

உண்மையைச் சொன்னால் செத்தவன்மேல் விழுந்த திருட்டுப் பழி போகும். ஆனால் இவள் தாங்குவாளா? இவளுக்காகத்தான் யோசிக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் யோசித்தது கடையின் பேரை.

"பித்தளதாம்மா."

அவள் பெருமூச்சு விட்டாள்.

அவருடைய பிடரியில் இன்னொரு மூச்சு பட்டது.

விழுந்தடித்து வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறினார். யாரோ ஏறி உட்கார்ந்தது போலப் பின்சீட் அழுந்தியது. கருவடிக்குப்பத்தில் தன் வீடு வரும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டை முதுகுப் பக்கம் நனைந்துகொண்டே வந்தது.

வீட்டுக் கதவைத் திறந்த மனைவி கலைவாணி, அவரைத் தாண்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"உள்ள வாங்க தம்பி. ஏன் வாசல்லயே நிக்கிறீங்க? இருங்க, துண்டு எடுத்தாறேன்."