ஈரம் காயாத நீலம்

"வீ...ல்!"

ஓவியக் காட்சியகத்தின் காப்பாளர் ஒதீல் போட்ட அலறல், டெலிபோன் வழியாக வந்து இன்ஸ்பெக்டர் கொஸ்ஸாரின் காதைக் கிழித்தது.

"ஓவியம் போச்சு, இன்ஸ்பெக்டர்! ஓடி வாங்க!"

ஓடினார். காலை மழை தந்த ஜலதோஷம். கைக்குட்டை மூக்கை விட்டு நகரவில்லை.

போன மாதம் மேயரையே திருடன் என்று மடக்கியவர் அவர். இன்னொரு முறை சொதப்பினால் மீன் சந்தை முனையில் போக்குவரத்து டியூட்டிதான் என்று கமிஷனர் சொல்லியிருந்தார்!

மூன்றே அறை. பன்னிரண்டே ஓவியம். 'மூடுபனியில் தோணிகள்' சுவரில்தான் தொங்கியது.

"இங்கதானே இருக்கு?"

"தொட்டேன். பாருங்க!" ஒதீலின் விரல் நுனியில் நீலம். "நூத்திநாப்பது வருஷத்து ஓவியம்... ஈரமா இருக்குமா? இது போலி! அசலைத் தூக்கிட்டாங்க!"

"காலைலேர்ந்து யார் யார் வந்தாங்க?"

"இந்த மழையில யார் வருவா? மூணு வாரமா இதை நகல் வரையற கிஸ்லேன் மேடம். அப்புறம்... நீங்க."

"என்னை விடுங்க!"

சந்தேகப் பட்டியல் ஒரே நொடியில் பாதியானது. தன் மூளையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

அடுத்த நொடி காலையில் நடந்தது நினைவுக்கு வந்தது.

காலையில் கிஸ்லேன் மழையில் தவித்தபோது, அவள் ஓவியத்தை வேன் வரை சுமந்தது யார்?

சாட்சாத் கொஸ்ஸாரேதான்! 'உங்களுக்கு வரலை மேடம், விட்டுடுங்க' என்று இலவச அறிவுரை வேறு!

"எங்கே அவ?"

"எதிர் ஓட்டல்ல. மணி பன்னிரண்டாச்சே!"

பிரான்சின் இந்த நார்மண்டிப் பக்கம் திருடியவர்கூட மதியச் சாப்பாட்டை விடமாட்டார்.

"கையைத் தூக்குங்க, மேடம்! அசல் எங்கே?"

"எந்த அசல்? கையெல்லாம் வெண்ணெய். துடைச்சிட்டுத் தூக்கட்டுமா?"

வேன் திறந்தது. ஓவியம் வெளியே வந்தது. ஒதீல் டேப் வைத்து அளந்தாள். முகம் மாறியது.

"ஒரு சாண் சின்னது. இது நகலேதான், இன்ஸ்பெக்டர்."

"நகலை அசலோட அளவுல வரையக் கூடாதுங்கறது விதி," என்றாள் கிஸ்லேன். "இதுகூடத் தெரியாமலா போலீஸ் ஆனீங்க?"

"அப்போ சுவர்ல ஃப்ரேமுக்குள்ள கச்சிதமா இருக்கறதுதான் அசல்!" ஒதீல் மூச்சு விட்டாள்.

"அப்போ ஈரம் எப்படி... ஆ... ஹச்ச்!"

கைக்குட்டை பறந்தது.

இரண்டு பெண்களும் அவர் மூக்கையே வெறித்தார்கள். நுனியில் பளிச்சென்று... நீலம்!

"காலைல அந்த ஓவியத்தை எங்கேர்ந்து பார்த்தீங்க?" ஒதீலின் குரல் இறங்கியது.

"கிட்டக்க. துப்பறியறவன் கிட்டக்கதான் பார்ப்பான்."

"எவ்ளோ கிட்டக்க?"

கொஸ்ஸார் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். ஈர நகலைச் சுமந்த கை... அதே கையால் தேய்த்த மூக்கு... திரும்பி வந்து அதே மூக்கால் முட்டிய தோணி! வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இந்த மாதிரி ஓவியத்தைப் பத்தடி தள்ளி நின்னு பார்க்கணும்னு எங்க ஊர் பால்காரருக்கே தெரியும்!" கிஸ்லேன் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நல்லவேளை, காயலை. துடைச்சிடலாம்," என்றபடி ஒதீல் ஓடினாள்.

கொஸ்ஸாரின் செல்போன் அலறியது. கமிஷனர்!

"யோவ்! ஆள் மாட்டினானா, இல்லையா?"

"மாட்டிட்டான், சார். கையும் மூக்குமாப் பிடிச்சிட்டேன்... மீன் சந்தை எத்தனை மணிக்குத் திறக்குது?"