சுண்ணாம்பு பூசிய வெண்குதிரை

அந்தி மங்கி, கிழக்கே எழுந்த முழுநிலா ஹான் நதியின் அகன்ற நீர்ப்பரப்பில் வெள்ளிக் கம்பளம் விரித்துக்கொண்டிருந்த அந்த வேளையில், தென்கரைப் பாசறையில் ஒருவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. சமாதானமாம்! காலையிலிருந்து கூடாரத்துக்குக் கூடாரம் இதே பேச்சுத்தான். சீனப் பேரரசு சிதறி, வாள் எடுத்தவனெல்லாம் கோட்டை பிடித்த அக்காலத்தில், வடகரைத் தளபதி லுவோவும் தென்கரைத் தளபதி ஷென்னும் கைகோப்பதாவது! எங்கோ கிடக்கும் சீனத்துச் சண்டை நமக்கெதற்கு என்று முகம் சுளிக்காதீர்கள், வாசகர்களே. அங்கேயும் தகப்பன் உயிருக்காகத் துடித்த ஒரு பெண் இருந்தாள்.

அவள் ஷென்னின் மகள் சூயின். வெண்குதிரையைப் பலியிட்டு, அதன் குருதியை உதட்டில் பூசிச் செய்த சத்தியத்தை மீறத் துணிந்தவர் அந்நாட்டில் இல்லை. அப்படியொரு குதிரையைத்தான் லுவோ அனுப்பியிருந்தான். அதை ஒப்புக்கொண்டால், ஷென் ஆயுதமின்றி அக்கரை விருந்துக்குப் போகவேண்டும்.

குதிரையோடு வந்த இளைஞன் துறையில் நனைந்து நின்றான். குதிரையைச் சோதிக்க வந்த சூயின் அதன் ஈரக் கழுத்தைத் தடவினாள்; உள்ளங்கை வெளுத்தது. அடப் பாவிகளா, சுண்ணாம்பு! அடியில் செம்மயிர் தெரிந்தது.

"பொய்க் குதிரைமேல் செய்த சத்தியம் உங்கள் தளபதியைக் கட்டாது. விருந்திலேயே என் தந்தையை வெட்டலாம், அப்படித்தானே?"

"அப்படித்தான், தேவி. படகில் ஏற்றிவரச் சொன்னார்கள். பூச்சு கரையட்டும் என்று நான்தான் நீந்த வைத்தேன்."

"தளபதிக்குத் துரோகம் செய்ய உமக்கு என்ன வந்தது?"

"அவர் என் தந்தை. நான் வென்ஷு. இந்தப் பழி வேண்டாமென்று காலில் விழுந்தேன், கேட்கவில்லை. குதிரைக்காரன் வேடத்தில் அவரறியாமல் வந்துவிட்டேன். என்னைப் பிணையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மகன் இங்கிருந்தால் அவர் படை நதியைத் தாண்டாது."

அதற்குள் ஷென் துறைக்கு வந்துவிட்டான். "குதிரை எப்படியம்மா?"

சூயின் உள்ளங்கையை நீட்டினாள். அதைக் கண்டவன், காவலனின் ஈட்டியைப் பறித்து இளைஞனின் மார்புக்கு நேரே ஓங்கினான். சூயின் குறுக்கே பாய்ந்தாள்.

"வேண்டாம் அப்பா! இவர் லுவோவின் மகன். உங்கள் உயிரைக் காத்தவரும் இவர்தான். உண்மையான வெண்குதிரை இக்கரைக்கு வரும்வரை இவர் என் பொறுப்பு. இவர் தலை விழுந்தால் அடுத்தது என் தலை!"

சொன்னதோடு நிற்கவில்லை அந்தப் பெண். ஈட்டிமுனையில் விரலைக் கீறி, தன் குருதியையே உதட்டில் பூசிக்கொண்டாள்.

ஷென்னின் ஈட்டி தாழ்ந்தது. அதைக் காவலனிடம் திருப்பிக் கொடுத்தான்.

"அந்தக் குதிரையை நன்றாகக் குளிப்பாட்டுங்கள்," என்றான் காவலர்களிடம். "சிவப்பாகவே லுவோவிடம் திருப்பி அனுப்புங்கள். உங்கள் மகன் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவனிடம் சொல்லுங்கள்."